கடுகின் கன்னம்

முதல் அடி விழுந்ததும் கடுகு விழித்து எழுந்துவிட்டது.

வாசலில் சாவு மேளம். நாலே பேர்தான். ஆனால் ராயப்பேட்டையின் இந்தச் சந்தில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, எங்கள் பின்னறைக்குள் இரண்டு மடங்காக வந்தது.

கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் போர்வையைத் திணித்தேன். மின்விசிறியை முந்தாநாளே நிறுத்தியாகிவிட்டது. அதன் கடகடப்புகூட ஆகாதாம்.

கடுகு என்பது ஹாம்ஸ்டர். குட்டை ஜாதி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சரோஜா ஒரு ஜோடி வாங்கி வந்தாள். இரண்டும் பெண் என்று கடைக்காரன் சத்தியம் செய்தானாம். அந்தச் சத்தியத்தின் லட்சணம் முந்தாநாள் காலையில் தெரிந்தது. மற்றதை உடனே தனிக் கூண்டில் போட்டுவிட்டாள்.

பெண்டாட்டி எலி வளர்க்கிறாள் என்று ஆபீஸில் சொல்லக் கூச்சப்பட்டவன் நான். எலி இல்லை, எலி இல்லை என்று அவளும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

குட்டிகள் பிறந்ததும் அவள் கட்டளை போட்டாள். யாரும் தொடக் கூடாது. சத்தம் கூடவே கூடாது, பயந்தால் தாயே குட்டிகளைத் தின்றுவிடும். கூட்டைக் கலைத்து எத்தனை என்று பார்க்கக் கூடாது. பத்து நாள் போகட்டும், நானே எண்ணிச் சொல்கிறேன் என்றாள்.

மேளம் வேகம் பிடித்தது.

எங்கள் தெருவில் மேளம் இல்லாத சாவு சாவே இல்லை. எத்தனை பேருக்கு நானே முன்னால் நின்று, இன்னும் ஓங்கி அடி என்று சொல்லியிருக்கிறேன். இன்று ஒவ்வொரு அடிக்கும் கடுகின் மீசை நடுங்கியது.

கூண்டின் இரண்டு பக்கமும் தலையணையை நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போது யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள்.

கடுகு கூட்டுக்குள் பாய்ந்தது. டிஷ்யூ காகிதம் பறந்தது. உரித்த வேர்க்கடலை அளவில், ரோஸ் நிறத்தில், கண் திறக்காத ஒரு குட்டியைக் கவ்வியது. வாய் மூடியது. குட்டியைக் காணோம்.

கத்தவும் முடியாது, கத்தினால் இன்னொன்றும் போகும்.

கத்தாமலே இன்னொன்றும் போனது.

துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், ஒரு எலிக்காக. ஒரே ஒரு வேலையை என்னிடம் விட்டிருக்கிறாள், அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லையே என்று அழுதேன்.

சரோஜாவின் தம்பி மகேஷ் கதவைத் தட்டினான்.

"மாமா, உள்ள இன்னா பண்ணிக்கினு கீறீங்க? மணி மூணாவுது, எல்லாரும் நிக்கிறாங்க."

அந்தத் தட்டலுக்கும் கடுகு மிரண்டு ஓடியது. கூண்டைச் சுற்றி ஓடி, மூலையில் சரோஜா வைத்திருந்த காலி அட்டைப் பெட்டிக்குள் புகுந்தது. முன்னங்காலால் தன் கன்னத்தை அமுக்கித் தள்ளியது. ஈரமாக ஒரு குட்டி வெளியே விழுந்து நெளிந்தது. அந்தக் கன்னத்திலிருந்து இன்னொன்று.

தின்னவில்லை. ஒளித்து வைத்திருந்திருக்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?

திரும்ப ஓடி மிச்சத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து பெட்டிக்குள் சேர்த்தது. எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன். கண்முன்னாலேயே தூக்கிக்கொண்டு போனால் எண்ணாமல் எப்படி இருப்பது?

ஆனால் மேளம் நிற்கவில்லை. அடுத்த சரவெடிக்கு அது என்ன செய்யும் என்று யார் கண்டார்கள்?

போர்வையைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனேன். கையை உயர்த்தினேன். மேளம் நின்றது. பட்டாசு வைத்திருந்தவனின் தீப்பெட்டியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தெருவே என்னைப் பார்த்தது.

மகேஷ் என் கையைப் பிடித்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"மேளம் இல்லாம எடுத்தா தெருவே சிரிக்கும் மாமா."

சிரிக்கட்டும்.

பந்தலுக்குள் நுழைந்தேன். பெண்கள் வழிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். காதோரம் சரிந்திருந்த மல்லிகைச் சரத்தை ஒதுக்கிவிட்டுக் குனிந்தேன்.

"ஆறு, சரோஜா. ஆறும் பத்திரமா இருக்கு."