பிரிவுச் சோதனை

விலங்கு நடத்தையும் நலனும் படித்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் பொறுப்பில் துறை ஒரு நாய்க்குட்டியை விட்டது. ஐந்து மாதம் அது அவள் கையால் மட்டுமே சாப்பிட்டது. பிறகு அதைத் தனியறையில் அடைத்தார்கள். அவள் அந்த அறையின் ஒருவழிக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, அது எத்தனை முறை ஊளையிடுகிறது என்று அட்டவணையில் குறிக்க வேண்டும். உள்ளேயிருந்து நாயின் கண்ணுக்கு அவள் தெரியமாட்டாள். இரண்டு நாள் அது கதவைப் பிறாண்டியது. மூன்றாம் நாள் வேறொருவர் வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் குரல் எழும்பாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாய் தள்ளாடி வந்து மடியில் ஏறி, அங்கேயே மூத்திரம் பெய்து, அவள் முகமெல்லாம் நக்கியது.

பேராசிரியர் தணிகாசலம் வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்க சார், என்னால முடியல" என்று அழுதாள்.

"எதுக்கும்மா மன்னிப்பு? கூப்பிட்டா நீ வருவேன்னு இப்போ அது நம்பிடுச்சு. இனிமேதான் ரொம்ப நாள் கூப்பிடும். நாம அளக்க வேண்டியதே அதைத்தான். நாளைக்கே மறுபடி உள்ள விட்டுடு."

நாய் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் முதுகைத் தடவியபடியே அவள் கேட்டாள்.

"இந்தத் தடவை எத்தனை நாள் சார்?"