நாலு மணிக்கு வந்தவர்கள்

“எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டாள் அந்தப் பெண்மணி, சோபாவின் நுனியில் உட்கார்ந்தபடி.

“நாலு வருஷமா. இன்னிக்குக் காலையிலேர்ந்து கதவையே திறக்கல. மாத்திரை டப்பாவும் உள்ளதான் இருக்கு,” என்றார் ராஜ்மோகன்.

அவர் மனைவி சுந்தரவல்லி, மகள் மிருதுளாவின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே டீ வைத்தாள். மதியம் ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தது அவள்தான். போலீஸ் வேண்டாம், பாலிகஞ்ச் ஏரியா முழுக்கத் தெரிந்துவிடும் என்று கெஞ்சியிருந்தாள். மனநல அவசர உதவிக்கென்றே ஒரு குழு இருப்பதாகவும், நாலு மணிக்கு இரண்டு பேர் விருந்தாளி மாதிரி வருவார்கள், ஒருவருக்குத் தமிழ் தெரியும் என்றும் சொன்னார்கள். நாலு மணிக்கு வாசலில் “வணக்கம்” என்று கேட்டதும்தான் அவளுக்கு உயிரே வந்தது.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“ரெண்டு பேர்கிட்ட. சொந்தக்காரங்களுக்குக்கூடத் தெரியாது. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது?”

கூட வந்தவர் மடியிலிருந்த ஃபைலைத் திறந்தார், மூடினார்.

“குடும்பத்துல வேற யாருக்காவது?”

“எங்கப்பாவுக்கு இருந்தது,” என்றார் ராஜ்மோகன்.

உள்ளேயிருந்து மிருதுளாவின் குரல் நிதானமாக வந்தது. “அப்பா, போன வருஷம் ஆஸ்பத்திரில இருந்ததையும் சொல்லிடுங்க.”

காலையிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. சுந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தீங்களா, நீங்க வந்ததுமே பேசுறா.”

ராஜ்மோகன் அதையும் சொன்னார். சொல்லி முடிக்கையில் வாசல் மணி அடித்தது. மூச்சு வாங்க ஓர் இளம்பெண். பின்னால் வங்காளி நர்ஸ் ஒருத்தி.

“சாரி அங்கிள். நான் சத்யப்ரியா, ஹெல்ப்லைன் டீம். காளிகாட்ல ஒரே ஜாம்.”

ராஜ்மோகன் மெல்லத் திரும்பினார். “அப்ப நீங்க?”

“சால்ட் லேக்லேர்ந்து வர்றோம். பொண்ணு பார்க்க ஆறு மணிக்கு வரச் சொன்னீங்க. ஞாயித்துக்கிழமையாச்சே, நாலரைக்கு ராகுகாலம் வந்துடுமேன்னு முன்னாடியே வந்துட்டோம்,” என்றாள் அந்தப் பெண்மணி.

அவள் கணவர் ஃபைலிலிருந்து மிருதுளாவின் ஜாதகத்தை எடுத்து, டீ கப் பக்கத்தில் வைத்தார்.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. மிருதுளா வெளியே வந்து மாத்திரை டப்பாவை சத்யப்ரியாவின் கையில் கொடுத்தாள்.

“அவங்க பையன் எனக்குக் குடும்ப போட்டோ அனுப்பியிருந்தான். ஜன்னல்லேர்ந்தே அடையாளம் தெரிஞ்சுபோச்சு. வாங்க, இப்ப பேசலாம்.”

சால்ட் லேக்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.