காருக்குத் தாவும் கோல்

"என்ட போனை இந்தக் காரில இருந்து எடுத்துவிடு தம்பி. என்ன செய்வியோ எனக்குத் தெரியா."

கார் ரேடியோ, புளூடூத் வேலை பார்க்கும் சுதாகரனைப் பழுகாமத்து வீட்டுக்கு வரச்சொல்லி, புஸ்பம் முதலில் சொன்னது இதுதான்.

"என்னக்கா பிரச்சின?"

"கட்டாரில இருந்து மகள் போன் கோல் எடுப்பாள். ரெண்டு கத கதைச்சிருக்க மாட்டன், இவர் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணுவார். போன் என்ட கையில ஊமையாப் போயிரும். கோல் காருக்குப் பாஞ்சிரும்."

"முன்ன ஒருக்கா காரில சேத்திருக்கீங்க. அதான் தானாப் பிடிக்குது."

"தானா ஒண்டும் இல்ல. அவள் எடுக்கக்குள்ளதான் இவருக்குக் கார் வேணும். போக ஒரு இடமும் இல்ல. கண்ணாடிய ஏத்திப்போட்டு வீட்டு முத்தத்திலயே காருக்குள்ள இருப்பார்."

அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஊரே அறிந்த கதை. மகள் தனுஷா தன் விருப்பத்துக்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்து புஸ்பத்தின் புருசன் நல்லரத்தினம் அவளோடு கதைப்பதில்லை. பேரனின் படத்தைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"வஞ்சம் தம்பி. தானும் கதைக்கமாட்டார், என்னையும் விடமாட்டார்."

மனிதர் மோட்டார் சைக்கிளில் வட்டைப் பக்கம் போயிருந்தார், வயல் பார்க்க. சுதாகரன் காருக்குள் ஏறித் திரையைத் தட்டிப் புஸ்பத்தின் போன் பெயரை அழித்தான். போனிலிருந்தும் காரை நீக்கினான்.

"இனிப் பிடிக்காதக்கா."

வெள்ளிக்கிழமை தனுஷா கோல் எடுத்தாள்.

நல்லரத்தினம் சாவியோடு முற்றத்தில் இறங்கினார். கார் உறுமியது. கோல் காருக்குப் பாயவில்லை.

புஸ்பத்துக்கு வென்றுவிட்ட சந்தோசம். குரலைக் கூட்டியே கதைத்தாள்.

ஜன்னலால் பார்த்தாள். அவர் திரையைத் தட்டுகிறார். காரை நிற்பாட்டுகிறார். திரும்ப ஸ்டார்ட் பண்ணுகிறார். மறுகாவும் தட்டுகிறார்.

கடைசியில் இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"உன்ட போன் காரில வருகுதில்லையே."

"ஓம், நான்தான் எடுப்பிச்சன். என்ட புள்ளையோட நான் கதைக்க வேணாமா?"

சண்டைக்கு வருவார் என்று பார்த்தாள். வரவில்லை. சாவியை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"சின்னவனுக்கு இருமல் நிண்டிட்டாமா? கேட்டுச் சொல்லு."

பேரனுக்கு இருமல் இருந்ததே புஸ்பத்துக்குத் தெரியாது. போன கிழமை அவள் கையில் போன் ஊமையான பிறகு, அம்மா கேட்கிறாள் என்று நினைத்து மகள் காருக்குள் சொல்லியிருக்க வேண்டும்.

போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு, அவருக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள் போனாள்.