அதே செம்பட்டை

"இதே நிறம் வேணும். அச்சு அசலா இதே."

ரட்மிலா கைக்குட்டையைப் பிரித்து என் பார்லர் மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு சுருட்டு முடி. நீளமான செம்பட்டை முடி. எங்கள் தெருவில் அந்த நிறத்தில் முடி இருப்பது ஒருத்திக்குத்தான். ரட்மிலாவின் மருமகள் டூன்யா.

"இது டூன்யா முடியில்ல?"

"ஆமா. குளியலறையில பொறுக்கினேன். வீடு பூரா இதுதானே கிடக்கு."

கிடக்காமல் என்ன செய்யும்? குழந்தை பிறந்து நாலு மாசம். பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டும், திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார், நானும் சொன்னேன். அந்தப் பெண் கேட்டால்தானே! போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அப்படி ஒரு அழுகை.

இந்த நேரத்தில் மாமியாருக்கு அதே நிறம் கேட்கிறது!

"அறுபத்திரண்டு வயசுல உனக்கு எதுக்குடி இது? வெள்ளி மாதிரி அழகா இருக்கு. நான் டை அடிச்சப்போ 'கிழவிக்கு ஆசையப் பாரு'ன்னு கிண்டல் பண்ணவதானே நீ?"

"உன் வாய்க்கும் சேர்த்தா காசு வாங்குற? வேலையப் பாரு. நாளைக்கு ஸ்லாவா. அதுக்குள்ள தலை சிவந்தாகணும்."

ஸ்லாவா என்றால் குடும்பத்துப் புனிதரின் திருநாள். யாரையும் அழைக்க மாட்டோம், எல்லாரும் வருவார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைந்ததை அடுத்த ஸ்லாவா வரை பேசுவார்கள். அந்த வீட்டில் இந்த வருஷம் முதல் தடவையாக டூன்யாவின் சமையல். 'எனக்குப் பயமா இருக்கு, நீங்களே சமைங்க அத்தை' என்று அவள் கெஞ்சியும், "இனிமே இந்த வீட்டு ஸ்லாவா உன்னோடது" என்று ரட்மிலா ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு டை அடித்துவிட்டேன். அச்சு அசலாக அதே செம்பட்டை. ரட்மிலா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலமே டூன்யா ஓடி வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஏன் ஆன்ட்டி செஞ்சீங்க? என்னைக் குத்திக் காட்டத்தான் அவங்க இப்படிப் பண்ணியிருக்காங்க."

"நான் சொன்னா கேக்குற ஆளாம்மா அவ?"

"துணி கட்டிக்கிட்டுத்தான் சமைக்கிறேன். அப்பவும் எப்படியோ விழுந்துடுது. நாளைக்கு யார் தட்டுலயாவது ஒண்ணு கிடந்துச்சுன்னா, அப்புறம் இந்த ஊர்ல நான் எப்படி நடமாடுவேன்?"

எனக்கு ரட்மிலா மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். ரட்மிலா செம்பட்டைத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் கோப்பையிலும் ராக்கியா சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்ற ஊற்ற ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் காதோடு காதாகப் பேசினார்கள். அவளுக்கு அதெல்லாம் உறைத்த மாதிரியே தெரியவில்லை.

சூப் வந்தது. எல்லாரும் கரண்டியை எடுத்தோம். பக்கத்து வீட்டு கொர்தானா கரண்டியைத் தூக்கினாள், தூக்கினாள், தூக்கிக்கொண்டே போனாள். நூடுல்ஸ் முடிந்த பிறகும் என்னவோ ஒன்று நீண்டுகொண்டே வந்தது.

"இதென்ன, இந்த நூடுல்ஸ் மட்டும் சிவப்பா இருக்கு?"

அத்தனை கண்ணும் டூன்யா பக்கம் திரும்பியது. முட்டைக்கோஸ் சுருட்டுக் கறிப் பாத்திரத்தைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அட கண்றாவியே!" என்று ரட்மிலா தலையில் அடித்துக்கொண்டாள். "என்னோடது! காலையில உப்புப் பார்க்கறேன்னு சட்டியில தலைய விட்டேன். எல்லாம் இந்த மிலேவா அடிச்ச மட்டமான டை. அடிச்சதுலேர்ந்து கொத்துக் கொத்தாக் கொட்டுது!"

என் டையா மட்டம்? முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறேன். வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் ரட்மிலா என் காலை நச்சென்று மிதித்தாள்.

"இந்த வயசுல உனக்குத் தேவையா ரட்மிலா?" என்று கொர்தானா முடியை ஓரமாகப் போட்டாள்.

"மாப்பிள்ளை பார்க்கப் போறியோ?" என்றார் யாரோ. வீடே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக டூன்யா கறிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கொர்தானா இரண்டாம் தடவை சூப் வாங்கிக்கொண்டாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. ரட்மிலா வெற்றுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனதும் பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"என் டையையா ஊர் முன்னாடி குறை சொன்னே? காலையிலேர்ந்து நீ அடுப்பங்கரைப் பக்கமே போகலைன்னு உன் மகன் இப்பத்தான் சொன்னான்!"

"மெதுவாப் பேசுடி. உள்ள டூன்யா இருக்கா."

கதவைச் சாத்தினாள். குரல் இறங்கியது.

"டை மேல பழி போட்டதுக்கு மன்னிச்சுக்க. வேர்ல வெள்ளை தெரிஞ்சதும் வர்றேன், திரும்ப இதே மாதிரி அடிச்சு விடு."

"திரும்பவுமா? எத்தனை நாளைக்குடி இந்தக் கூத்து?"

"அவளுக்குக் கொட்டுறது நிக்கிற வரைக்கும்."