நாரைத்தாயின் கடைசிப் பக்கம்

"இதெல்லாம் ஒரு படமாக்கா? கதையையே கெடுத்து வச்சிருக்காங்க!"

படம் முடிஞ்சதும் முடியாததுமா மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு டிக்கெட் மேஜைக்கே வந்துட்டான் வேன் டிரைவர் ஜெனிஷ்.

கிர்கிஸ்தான்ல கராகோல்ங்கற ஊர்ல, எங்க கலாசார மாளிகையில நான் நூலகர். ஞாயித்துக்கிழமை படம் போட்டா டிக்கெட்டும் நான்தான் கிழிக்கணும். அதனால திட்டும் எனக்குத்தான் வரும்.

"என்னப்பா கெடுத்துட்டாங்க?"

"நாரைத்தாய் பறந்து போறதோட படத்தை முடிச்சுட்டாங்க. புத்தகத்துல அப்படியா இருக்கு? படிச்சுட்டு எடுக்க வேணாமா?"

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. பொம்பளையா மாறிக் குடும்பம் நடத்தின நாரை, ஒருநாள் றெக்கையை மாட்டிக்கிட்டுப் பறந்து போயிடுற கதை அது. இருபத்திரண்டு வருஷமாப் பிள்ளைங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டுறேன். படத்துல ஒரு வரி மாறலை. குறைகுடம்தான் கூத்தாடும்னு நினைச்சுக்கிட்டேன்.

"இரு தம்பி. புத்தகத்தையே காட்டுறேன்."

மாடிக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப் போச்சு.

"வேணாங்க்கா. விடுங்க, நாங்க கிளம்புறோம்."

"ஏன்? இப்பதானே அந்தக் குதி குதிச்சே?"

மகள் பெர்மெத் அவன் கையை உதறிட்டு முன்னாடி வந்தா. முதல் வகுப்புப் படிக்கிறா. அழுது அழுது கண்ணு சிவந்திருந்துச்சு.

"கடைசிப் பக்கத்தை வாசிங்க அத்தை. ஆப்பிள் பழுக்கறப்ப நாரைத்தாய் திரும்பி வருவா. றெக்கையைக் கழட்டி வச்சுட்டுப் பாப்பாவுக்கு ரொட்டி சுடுவா. தினமும் தூங்கறப்ப அப்பா வாசிச்சிருக்காரு."

"தினமுமா?"

"ஆமா. அம்மா மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனதுலேருந்து, புத்தகத்தை இங்க திருப்பிக் கொடுக்கற வரைக்கும். இப்ப ரெண்டு மாசமா அம்மா போனும் பண்றதில்லை."

ஜெனிஷ் தன் ஷூவையே பார்த்துக்கிட்டு நின்னான்.

கடைசிப் பக்கத்தைப் பிரிச்சேன். 'நாரைத்தாய் திரும்பியே பார்க்கவில்லை.' அதோட கதை முடியுது. பெர்மெத் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தா. இப்ப எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச பிள்ளை. நான் புத்தகத்தை மூக்குக்குக் கிட்டத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"'ஆப்பிள் பழுத்தது. நாரைத்தாய் திரும்பி வந்தாள்.'"

"நான் சொன்னேன்ல!" அவ முகம் மலர்ந்து போச்சு. "புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா அத்தை?"

கேட்ட பிள்ளைக்குப் புத்தகம் இல்லைன்னு அன்னிவரைக்கும் நான் சொன்னதே கிடையாது.

"தையல் பிரிஞ்சிருக்கு கண்ணு. சரி பண்ணி வைக்கிறேன்"னு சொல்லி மேஜை டிராயருக்குள்ள வச்சுப் பூட்டினேன்.

அப்புறம் அவ அப்பனைப் பார்த்தேன்.

"நீ சொன்னதுதான் சரி தம்பி. படத்துலதான் கதையைக் கெடுத்துட்டாங்க."