குதிகால் பதியாத தடம்

நான்காம் நம்பர் அறையைத் திறந்ததும் முத்தம்மாள் முதலில் தரையைத்தான் பார்த்தாள். நேற்றும் வந்திருந்தான்.

குளியலறை வாசலில் தொடங்கி, கறுப்புக் கடப்பாக்கல் தரையைக் கடந்து, கடல் பக்கத்துப் படிவரைக்கும் வெள்ளை வெள்ளையாய்ப் பாதங்கள். ஒன்றில்கூடக் குதிகால் பதியவில்லை.

அவள் புருஷன் தனகோடி அப்படித்தான் நடப்பான். குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி எரியும் என்று முன்னங்காலை ஊன்றியே நடந்து பழகியவன். இந்த ரிசார்ட் எழும்புவதற்கு முன்னால் இங்கே உப்புப் பாத்திகள்தான் இருந்தன. அதில் ஒன்றில், ஒரு சித்திரை வெயிலில், வாரிய உப்பின் மேலேயே சுருண்டு விழுந்து செத்தான். வேலை முடிந்து நல்ல தண்ணீரில் உடம்பு கழுவ அன்றைக்கு அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தடத்தைப் பார்த்த நாளிலிருந்து முத்தம்மாள் ஒரு காரியம் செய்கிறாள். சாயங்காலம் குளியலறையைக் கழுவி முடித்ததும், ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். யாருக்கு என்று யாரிடமும் சொன்னதில்லை.

"மறுபடியுமா?" மேனேஜர் கலையரசன் வாசலிலேயே நின்றுகொண்டார். "நாளைக்கு பசுமை ஓட்டல் சர்டிபிகேட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. சோலார் போட்டேன், பிளாஸ்டிக்க ஒழிச்சேன், லாரி தண்ணி வாங்காம சொந்த போர்வெல்லயே ஓட்டுறேன். கடைசில பேய்க்குத்தான் மார்க் போடுவாங்க போலருக்குது."

"அது யாரையும் ஒண்ணும் பண்ணலியே சார்."

"ரூமைத் திறந்து காட்டுனதும் ரெண்டு ஃபேமிலி அப்படியே ஓடிட்டாங்கம்மா. ரெண்டாம் நம்பர்ல சோப்பு நுரைக்கலன்னு கம்ப்ளெய்ன்ட். இயற்கை சோப்புங்க, நுரைக்காதுன்னு சொல்லிட்டேன். இதுக்கு என்னத்த சொல்றது? பன்னெண்டு மணிக்கு அனுமந்தையிலேர்ந்து பூசாரி வர்றாரு. மந்திரிச்சு கட்டிட்டுப் போயிடுவாரு."

முத்தம்மாள் தடத்தை மறுபடி பார்த்தாள். செத்து மூன்று வருஷம் கழித்து வந்தவன். இன்றைக்குக் கட்டிவிட்டால் இனி எந்தக் காலத்திலும் வரமாட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் உப்பு வாரிக்கொண்டிருந்த கொழுந்தன் ஐயப்பனைப் போய்க் கையோடு கூட்டிவந்தாள்.

"நீயே பாத்து சொல்லு ஐயப்பா. இது உங்கண்ணன் காலா இல்லியா? நம்ம வூட்டு ஆளுன்னு தெரிஞ்சா சார் பூசாரிய வேணாம்னு சொல்லிடுவாரு."

"நான் எப்பம்மா அப்படி சொன்னேன்?" என்றார் கலையரசன்.

ஐயப்பன் குந்தி உட்கார்ந்து தடத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு, புதிதாய் விளைந்த உப்பைப் பதம் பார்ப்பதுபோல, விரலால் வழித்து நாக்கில் வைத்தான்.

"உப்புதான்."

"நான் சொல்லல?" முத்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "செத்தும் அதும்மேல உப்பு போகல. அதுக்குத்தான் டெய்லி ஒரு வாளி தண்ணி வச்சுட்டுப் போறேன்."

ஐயப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எழுந்து குளியலறைக்குள் போனான். வாளித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டவன், விட்ட வேகத்தில் துப்பினான். உப்புக் கரித்தது.

"வாளிய வச்சுட்டு எப்படிப் போவீங்க அண்ணி?"

"இப்படித்தான். இந்தப் படியில இறங்கி."

"ஈரக்காலோடவா?"

"பின்ன? எனக்கு யாரு துண்டு நீட்டறாங்க?"

"நீங்க எத்தினி வருசம் பாத்தியில நின்னீங்க?"

"பதினாறு. அதுக்கு என்னா இப்ப?"

"உங்க கால இந்தத் தடத்துல வைங்க."

வைத்தாள். வெடித்த குதிகால் தரையில் படவில்லை. ஐந்து விரலும் முன்பாதமும் அச்சாய்ப் பொருந்தின.

முத்தம்மாள் காலை எடுக்கவில்லை. அங்கேயே நின்றாள்.

"அட, உன் கால்தானா? பேய் கிய் எதுவும் இல்லல்ல?" கலையரசன் சிரித்தபடி போனை எடுத்தார். "பூசாரிய வர வேணாம்னு சொல்லிடறேன்."

ஐயப்பன் அவர் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் வழியே ரிசார்ட்டின் போர்வெல்லையும், அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஊரே குடம் வைத்துக் காத்திருக்கும் குடிதண்ணீர்த் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்தது அண்ணன் இல்ல அண்ணி. கடலு."