அக்கா வைத்த பரீட்சை

"தப்பு. மறுபடி சொல்லு."

விரித்த புத்தகத்துக்கு மேலாகப் பார்த்து அக்கா அதட்டினாள். அந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடித்து அடுக்குகிறவள் அவள். எதிரே துணி தேய்த்துக்கொண்டே ஒப்பித்த, நாற்பத்தாறு வயதில் இறையியல் படிக்கும் இஸ்திரிக்காரிக்கு வியர்த்து ஊற்றியது.

"கிருபைன்னா, தகுதி பார்க்காம கடவுள் தர்றது... அப்புறம் வந்து..."

தலையணை உறையிலிருந்து கருகல் வாடை எழுந்தது.

"தப்பு!"

"எங்கக்கா தப்பு? அதையாவது சொல்லுங்களேன்!"

"சொல்லிட்டா நீ படிக்க மாட்டே. வீட்டுக்குப் போய் நீயே தேடு."

நாளை வாய்மொழித் தேர்வு. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் மூன்று வருட உழைப்பும் குப்பைக்குத்தான். வீட்டுக்குப் போய் அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தாள்.

மறுநாள் மூன்று தேர்வாளர்கள் மாறி மாறிக் குடைந்தார்கள். முதல் கேள்வியே கிருபை. அவள் வாயைத் திறந்தாள். வலது கை தன்பாட்டுக்கு மேசைமேல் போய்ப் போய் வர ஆரம்பித்தது. பதில்களும் கூடவே தடங்கலில்லாமல் வந்தன.

"பாஸ் அக்கா! நீங்களே பாருங்க!" என்று மதிப்பெண் தாளை நீட்டிக்கொண்டு சலவைக்கூடத்துக்குள் ஓடிவந்தாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தாளைத் தடவிப் பார்த்தாள்.

"நீயே படிச்சுக் காட்டுடி."

"தினமும் புத்தகத்தைப் பார்த்துத் தப்பு கண்டுபிடிச்சவங்க, இதைப் படிக்க மாட்டீங்களா?"

"எனக்கு எங்கேடி எழுத்து தெரியும்? நான் பார்த்தது உன் இஸ்திரிப் பெட்டியை. ஓடினா சரி, நின்னா தப்பு."